பியர் ரிவ்யூ 1665லேயே வந்துட்டுன்னு சொல்லுதாவளே, நெசமா?

பேட்டை பிசிக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பேட்டைப் பக்கம் ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கேன். வார வெள்ளிக்கிழமை பிஜி பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேசணும், ஜர்னல்னா என்ன, பேப்பர் எப்படி அனுப்பணும், அனுப்புனா அங்க யாரு அத படிச்சுப் பாத்து சரி சொல்லுதா, இப்படி. தொடக்கத்துல கொஞ்சம் சரித்திரம் சொல்லலாம்னு ஒரு ஸ்லைடு போட்டேன், அதுல "1665, லண்டன், ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ், உலகத்தோட முதல் பியர் ரிவ்யூ ஜர்னல்"னு எழுதிருக்கேன். பியர் ரிவ்யூன்னா ஒரு பேப்பர அச்சுக்கு முன்னாடி அதே துறை ஆளுங்க, ரெஃப்ரின்னு சொல்லுதோம்லா, படிச்சுப் பாத்து கருத்து சொல்லுதது. எங்க ஹெச்ஓடி பாத்துட்டு சரியா இருக்குன்னுட்டாவ. ஆனா பெங்களூர்ல போஸ்ட்டாக் பண்ணுத என் சேக்காளி போன்ல கேட்டுட்டு ஒரே சிரிப்பு, "ஏல, பியர் ரிவ்யூங்கது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த சமாச்சாரம், உங்க ஹெச்ஓடி முந்நூறு வருஷத்த முழுங்கிட்டாரு"ங்கான்.

ரெண்டு பேரும் சரியா இருக்க முடியாதுல்லா. அந்தக் காலத்துல ஒரு கட்டுரை வந்தா அத யாரு பாத்தா, எத வச்சு போடலாம் வேண்டாம்னு முடிவு பண்ணுனாவ? அப்படியே நம்ம நாட்டு சங்கதி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க, வெறும் லண்டன் பாரிஸ்னே பேசுனா பின்பெஞ்சு பயலுவ தூங்கிருவானுவ, மத்தியானம் ரெண்டு மணிக்கு கிளாஸ் வேற.

பாளை சார்வாள்:

தம்பி, ஹெச்ஓடிய அவ்வளவு லேசா தள்ளிராதீங்க. அவிய சொல்லுததுக்கு ஒரு காகிதம் இருக்கு. 1665 மார்ச் 1ஆம் தேதி லண்டன்ல இருக்க அறிவியல் சங்கம் ராயல் சொசைட்டியோட கவுன்சில் போட்ட உத்தரவு, செக்ரட்டரி ஹென்றி ஓல்டன்பர்க் இந்த டிரான்சாக்‌ஷன்ஸ மாசத்து முதல் திங்கக்கிழமை அச்சடிக்கலாம், விஷயம் போதுமான அளவு இருந்தா, ஆனா அதுக்கு முன்னாடி உறுப்பினர்கள்ல சில பேர் அத பாத்துடணும், கவுன்சில் லைசென்ஸ் குடுக்கணும். அந்த "பாத்துடணும்"ங்க வரிய பிடிச்சுக்கிட்டுதான் எல்லாரும் 1665லேயே பியர் ரிவ்யூன்னு எழுதுதாவ.

ஆனா எதுக்காகப் பாக்கச் சொன்னாவன்னு யோசிங்க. இங்கிலாந்துல அப்போ 1662ல போட்ட அச்சுச் சட்டம் நடக்குது, லைசென்ஸ் இல்லாம ஒரு தாளு அடிக்க முடியாது. ராயல் சொசைட்டிக்கு ராஜா குடுத்த சாசனத்துல தன் உறுப்பினர்களோட எழுத்துக்குத் தானே லைசென்ஸ் குடுத்துக்கலாம்னு உரிமை இருந்துது. குடுத்தா பொறுப்பு இவிய தலையில. ராஜாவுக்கு விரோதமா ஏதாவது இருக்கா, மதத்துக்கு விரோதமா இருக்கா, சொசைட்டி பேரு கெடுமா, பாத்தது அவ்வளவுதான். கணக்கு சரியா, சோதனை சரியாங்கதெல்லாம் அந்த உத்தரவுல கிடையாது.

மார்ச் 6ஆம் தேதி முதல் இதழ் வந்துது, 16 பக்கம். உள்ள என்ன இருந்துதுன்னு உங்க பிள்ளைகளுக்குச் சொல்லுங்க, தூங்க மாட்டானுவ. வியாழன் கிரகத்துல ராபர்ட் ஹூக்னு சொசைட்டி உறுப்பினர் ஒருத்தர் பாத்த ஒரு புள்ளி இருக்கு, ரோமாபுரியில லென்ஸ் செய்யுததப் பத்தி இருக்கு, அதே இதழ்ல ராபர்ட் பாயில் அனுப்புன ஒரு கன்னுக்குட்டி விவகாரம், அதுக்கு நாக்கு மூணா இருந்துதாம், ஒண்ணு நடுவுல, பக்கத்துக்கு ஒண்ணு. ஒரு கசாப்புக்காரர் பசுவ அறுத்தப்போ வயித்துல கண்டது. பாயில் பெரிய மனுஷன், அவர் சொன்னா நம்பலாம், அச்சுல போட்டாச்சு. அதுதான் அன்னைக்கு எடிட்டோரியல் ஸ்டாண்டர்டு.

இன்னொண்ணு, பத்திரிகை சொசைட்டியோடது இல்ல. ஓல்டன்பர்க்கோட சொந்த யாவாரம். அவருக்கு சொசைட்டியில உருப்படியா சம்பளம் கிடையாது, இத வித்து வாழலாம்னு நெனச்சாரு, வருஷத்துக்கு 40 பவுனுக்கு மேல தேறல. முதல் வருஷமே பிளேக் வந்து அச்சடிக்கத ஆக்ஸ்போர்டுக்கு மாத்துனாவ, அடுத்த வருஷம் லண்டன் தீயில புத்தகக் கடைக்காரங்க சரக்கு எரிஞ்சு போச்சு, 1667ல வெளிநாட்டுக்காரங்களுக்கு இவ்வளவு கடுதாசி எழுதுதானே ஒற்றனோன்னு சந்தேகப்பட்டு அவரையே லண்டன் டவர்ல அடைச்சுட்டாவ. இத்தனைக்கு நடுவுல அவர் பத்திரிகைய நிறுத்தாம ஓட்டுனாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முடுக்குக்கடை பைண்டிங்:

சார்வாள் சொல்லுதத பாத்தா கோயில் கொடைக்கு மைக்செட் பெர்மிஷன் வாங்குத மாதிரில்லா இருக்கு. ஸ்டேஷன்ல பாட்டு சுதி சேருதான்னா பாக்காவ, சண்டை வருமா, எத்தனை மணிக்கு நிறுத்துவன்னுதானே கேக்காவ.

நான் யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு தீசிஸ் பைண்டிங் பண்ணுதவன், எனக்கு அறிவியல் தெரியாது, ஆனா பின்னட்டையில சேக்குத அக்செப்டன்ஸ் லெட்டர் எல்லாம் என் கை வழியாத்தான் போவுது. பேப்பர் அனுப்புன மறுநாளே ஏத்துக்கிட்டோம், கூட இவ்வளவு ரூவா கட்டுங்கன்னு வருத கடுதாசிய நான் பாத்திருக்கேன். அதுலயும் பியர் ரிவ்யூடுன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கான். அதனால கேக்கேன், 1665ல யாருமே சரிபாக்கலன்னா தப்பு எப்படி வெளிய வந்துது?

தென்காசிச் சாரல்:

சரிபாக்காம இல்ல அண்ணாச்சி, பாத்தாவ, ஆனா அச்சுக்குப் பின்னால பாத்தாவ. நான் ஜுவாலஜி ஆளு, எங்க துறையில இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு.

டெல்ஃப்ட் ஊர்ல லேவன்ஹூக்னு ஒரு துணி யாவாரி. லத்தீன் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது, டச்சுல மட்டும் எழுதுவாரு. மிளகு ஏன் நாக்குல சுள்ளுன்னு பிடிக்கி, அதுல முள்ளு மாதிரி ஏதும் இருக்கான்னு பாக்கணும்னு முழு மிளக தண்ணில ஊறப்போட்டு வச்சுட்டு, தானே தேச்சு செஞ்ச ஒத்தை லென்ஸ் வழியா பாத்துக்கிட்டே இருந்தாரு. முள்ளு ஒண்ணும் தெரியல, வாரக்கணக்கா ஊறுன தண்ணியில குட்டிக் குட்டியா உயிரு நெளியுது, நம்ப முடியாத எண்ணிக்கையில. 1676 அக்டோபர்ல லண்டனுக்கு நீள கடுதாசி எழுதுனாரு. ஓல்டன்பர்க் அதுல ஒரு பகுதிய இங்கிலீஷ்ல மாத்தி 1677ல போட்டுட்டாரு.

போட்டாரே ஒழிய எல்லாரும் நம்பல. சொசைட்டிக்காரங்க என்ன செஞ்சாவன்னா, நாமளும் மிளக ஊறப்போட்டுப் பாப்போம்னு கிளம்பிட்டாவ. இந்த வேலைய ஹூக் எடுத்துக்கிட்டாரு. நவம்பர் தொடக்கத்துல கூட்டத்துல காட்டுனாரு, ஒண்ணும் தெரியல. மெல்லிசா கண்ணாடிக் குழாய் இழுத்து அதுக்குள்ள தண்ணிய ஏத்தி, மைக்ராஸ்கோப்ப மாத்தி, 1677 நவம்பர் 15ஆம் தேதி கூட்டத்துல தெரிஞ்சுட்டு. கிறிஸ்டோபர் ரென் உட்பட அங்க இருந்தவிய ஒவ்வொருத்தரா குனிஞ்சு பாத்து ஆமான்னாவ. அந்தப் பக்கம் லேவன்ஹூக்கும் சும்மா இருக்கல, பாதிரியார், நோட்டரின்னு ஊர்ப் பெரியவங்க 8 பேரக் கூப்பிட்டுக் காட்டி அவங்க கையெழுத்த வாங்கி அனுப்பிட்டாரு.

ரெஃப்ரி ரிப்போர்ட்ட விட இது எவ்வளவோ கறாரு. இன்னைக்கு ரிவ்யூவர் பண்ணுதது என்ன, நான் எழுதிருக்கத படிச்சுட்டு "கூடுதலா ரெண்டு ரெஃபரன்ஸ் சேக்கவும்"ங்காவ (அந்த ரெண்டும் அவங்க பேப்பராவே இருக்கும்). என் மீன் செவுள் ஸ்லைட யாரும் திரும்பச் செஞ்சு பாக்கல.

பாளை சார்வாள்:

சாரல் சொன்னது சரியான உதாரணம். ஆனா முன்னாடியே பாத்ததும் உண்டு, அத விட்டுரக் கூடாது. 1672 பிப்ரவரியில நியூட்டன் ஒளி, நிறம் பத்தி எழுதுன கடுதாசி கூட்டத்துல வாசிச்சப்போ அத பரிசீலிக்க மூணு பேர வச்சாவ, ரிப்போர்ட் எழுதுனது ஹூக் ஒருத்தர்தான். ஒரே வாரத்துல முடிச்சுட்டாரு. சோதனையெல்லாம் சரி, விளக்கம் ஒத்துக்க முடியாது, இதெல்லாம் நான் முன்னாடியே பாத்ததுதான்னு. என்ன வேடிக்கைன்னா அந்த ரிப்போர்ட்ட வச்சுக்கிட்டு கட்டுரைய நிறுத்தல, அது அந்த மாசம் 19ஆம் தேதி இதழ்லேயே அச்சாயிட்டு. அப்புறம் பாரிஸ்லேருந்து ஒருத்தர், பெல்ஜியத்துலேருந்து ஒருத்தர்னு மறுப்பு எழுத, நியூட்டன் பதில் எழுத, நாலு வருஷம் ஓடுச்சு. மனுஷன் வெறுத்துப் போயி சொசைட்டியே வேண்டாம்னுட்டாரு ஒரு கட்டத்துல.

பாரிஸ் கதையையும் ஒரு வரி சேத்துக்கோங்க தம்பி. ஜூர்னால் தே சவான் 1665 ஜனவரி 5ஆம் தேதியே வந்துட்டு, லண்டனுக்கு ரெண்டு மாசம் முந்தி. அத நடத்துன தெனி த சல்லோ புத்தகங்கள கிழி கிழின்னு கிழிச்சாரு, மூணு மாசத்துல பத்திரிகைய நிறுத்திட்டாவ. மறுவருஷம் வேற ஆள் வந்து கத்திய உறையில போட்டுட்டுத்தான் நடத்துனாரு.

பேட்டை பிசிக்ஸ்:

சார்வாள், சாரல் அக்கா, ரொம்ப நன்றி. மிளகு தண்ணிய நான் கிளாஸ்லயே கொண்டு போயி மைக்ராஸ்கோப்புல காட்டலாம்னு தோணுது. ஆனா ஒண்ணு புரியல. அச்சுக்கு முன்னாடி நாலு பேரு படிச்சு ரிப்போர்ட் எழுதி, அத வச்சு எடிட்டர் முடிவெடுக்க பழக்கம் எப்போ, எதுக்கு வந்துது? யாராவது உக்காந்து இப்படிச் செய்யணும்னு திட்டம் போட்டாவளா?

நூலக ஆச்சி:

நான் லைப்ரரியில இருந்து ரிட்டயர் ஆனவ, பழைய ஜர்னல் வரலாறு எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன் பொறுத்துக்கோங்கப்பா.

யாரும் ஒரே நாள்ல திட்டம் போடல. எடின்பரோல 1731ல தொடங்குன ஒரு மருத்துவச் சங்கம் 1733ல கட்டுரைத் தொகுப்பு போட்டாங்க, அதோட முன்னுரையில, வருத கட்டுரைகள அந்தந்த விஷயம் நல்லாத் தெரிஞ்ச உறுப்பினர் கிட்ட குடுப்போம், அவர் யாருன்னு எழுதுனவருக்குத் தெரியாதுன்னு சொல்லிருக்காங்க. இன்னைக்கு நாம சொல்லுத முறைக்கு ரொம்பப் பக்கத்துல வருதது இதுதான், 1665 இல்ல.

லண்டன்ல என்ன ஆச்சுன்னா, ஓல்டன்பர்க் 1677ல போன பிறகு எட்மண்ட் ஹாலி, ஹான்ஸ் ஸ்லோன்னு செக்ரட்டரிமார் கைக்கு கை மாறி தனியார் பத்திரிகையாவே ஓடுது. ஆனா ஊர்ல எல்லாரும் அத சொசைட்டியோட பத்திரிகைன்னுதான் நெனச்சாங்க. 1751ல ஜான் ஹில்னு ஒருத்தர், சொசைட்டியில உறுப்பினராகணும்னு ஆசைப்பட்டு நடக்காதவர், டிரான்சாக்‌ஷன்ஸ்ல வந்த அபத்தங்கள எல்லாம் தேடி எடுத்துத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டு மானத்த வாங்கிட்டாரு. அடுத்த வருஷம், 1752ல, சொசைட்டி பத்திரிகைய தன் கைக்கு எடுத்துக்கிட்டு கட்டுரைக் குழுன்னு ஒண்ணு வச்சது. கூட்டத்துல வாசிச்ச கட்டுரைகள்ல எத அச்சுல போடலாம்னு குழு உக்காந்து ரகசியமா ஓட்டுப் போடும். வாக்குவாதம் கிடையாது. விஷயம் பிடிபடலன்னா தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர கூப்பிட்டுக் கேட்டுக்கலாம்.

இதுல நான் திரும்பத் திரும்பப் படிக்கது அந்த 1752ல இதழோட முன்னால போட்ட அறிவிப்பு. அதுல சொல்லுதாங்க, கட்டுரைய நாங்க தேர்ந்தெடுக்கது விஷயம் முக்கியமா அபூர்வமா இருக்கதாலயோ சொன்ன விதம் நல்லா இருக்கதாலயோதான், உள்ள சொன்ன தகவல் உண்மையா, வாதம் சரியாங்கதுக்கு நாங்க பொறுப்பு இல்ல, அது எழுதுனவர் பாடு. பாத்தீங்களா? தேர்வு செய்யுத அதிகாரத்த எடுத்துக்கிட்டாங்க, உண்மைக்கு ஜவாப்தாரி ஆக மாட்டோம்னு அதே தாள்லயே எழுதிட்டாங்க. பொறுப்பு யாருதுன்னு அவ்வளவு தெளிவா இன்னைக்கு எந்த ஜர்னலும் சொல்லுததில்ல. பியர் ரிவ்யூடுன்னு முத்திரை குத்துனா படிக்கவன் உண்மைன்னு எடுத்துக்கிடுதான், குத்துனவனும் எடுத்துக்கிடட்டும்னு விட்டுடுதான்.

எழுத்து ரிப்போர்ட் 1832 வாக்குலதான். வில்லியம் ஹ்யூவெல்லோட யோசனை அது. அவர் நெனச்சது குத்தம் கண்டுபிடிக்கத இல்ல, நல்ல கட்டுரைக்கு ரெண்டு பெரியவங்க சேந்து விளக்கம் எழுதி அத வெளியிட்டா நாலு பேருக்கு விஷயம் போய்ச் சேரும்னு. முதல்ல எடுத்தது ஜார்ஜ் ஏரிங்க வானியல்காரர் பூமி, வெள்ளி கிரகங்களோட ஓட்டம் பத்தி எழுதுனது. எழுதச் சொன்னது ஹ்யூவெல்லயும் ஜான் லப்பக்கையும். ஹ்யூவெல் புகழ்ந்து ஒண்ணு எழுதிட்டாரு, லப்பக் கணக்கு ஒவ்வொரு வரியாப் போட்டுப் பாத்து இங்க சரியில்ல அங்க சரியில்லன்னு உக்காந்துட்டாரு. ரெண்டு பேரும் சேந்து ஒரே ரிப்போர்ட் குடுக்கணும்ல, மாசக்கணக்குல இழுத்துச்சு. கொஞ்ச வருஷத்துல வெளியிடுத பழக்கம் போயி, ரிப்போர்ட் கமிட்டியோட கண்ணுக்கு மட்டும்னு ஆயிட்டு. லப்பக் வழிதான் ஜெயிச்சுதுன்னு வச்சுக்கோங்க.

முடுக்குக்கடை பைண்டிங்:

ஆச்சி, அந்த லப்பக் நம்ம பம்பாய்க்காரர் ஒருத்தர் கட்டுரைய குப்பைன்னு தூக்கி எறிஞ்சாராமே? கடைக்கு வருத ஒரு பையன் சொன்னான், முழுசா தெரியல.

பாளை சார்வாள்:

பம்பாய்க்காரர்னா ஸ்காட்லாந்துக்காரர்தான், பம்பாயில கிழக்கிந்தியக் கம்பெனியோட கப்பற்படைப் பையன்களுக்கு நேவிகேஷன் சொல்லிக் குடுத்தவர். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். தம்பி, இத நீங்க கண்டிப்பா கிளாஸ்ல சொல்லணும், தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் படிக்கப் பிள்ளைகள்லா.

1845ல அவர் அங்கேருந்து ஒரு பெரிய கட்டுரைய லண்டனுக்கு அனுப்புனாரு. வாயுங்கது எல்லாத் திசையிலயும் ஓடிக்கிட்டே இருக்க துகள்தான், அதோட வேகத்து வர்க்கத்தப் பொறுத்ததுதான் வெப்பநிலை, வேற வேற வாயு ஒண்ணா இருந்தா துகளோட நிறைய, அதாவது மாஸ, வேகத்து வர்க்கத்தால பெருக்குனது சராசரியில எல்லாத்துக்கும் ஒண்ணுதான், இவ்வளவும் அதுல இருக்கு. கிளாசியஸ் 1857ல, மேக்ஸ்வெல் 1860ல எழுதப் போறது. ரெஃப்ரி ரெண்டு பேரு, ஆக்ஸ்போர்டு பேடன் பவல் ஒருத்தர், லப்பக் ஒருத்தர். ஒரு ரிப்போர்ட்ல, இது வெறும் பிதற்றல், கூட்டத்துல வாசிக்கக் கூட லாயக்கில்லன்னு இருக்கு. 1846ல சின்னதா ஒரு சுருக்கம் மட்டும் வந்துது, கட்டுரை அலமாரிக்குப் போயிட்டு. சொசைட்டிக்கு வந்த கட்டுரை சொசைட்டிக்குச் சொந்தம்னு விதி, திருப்பித் தர மாட்டாவ, அவர்கிட்ட நகல் கிடையாது. 1883ல எடின்பரோ பக்கம் நடக்கப் போனவர் திரும்பி வரல. 1891ல ரேலி பிரபு பழைய கட்டுல தேடி எடுத்து 1892ல டிரான்சாக்‌ஷன்ஸ்லயே போட்டாரு, முன்னுரை எழுதி. அந்த முன்னுரையில இன்னொண்ணும் சொல்லுதாரு, பேரு தெரியாத ஆளு இப்படித் துணிஞ்ச யோசனைய எழுதுனா சொசைட்டி மூலமா வராம வேற வழியில வெளியிடுததுதான் நல்லதுன்னு. நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா எனக்கு அத படிக்கும்போதெல்லாம் கோவம் வரும்.

தென்காசிச் சாரல்:

சார்வாள், கோவம் சரி, ஆனா ரெஃப்ரி மேல மட்டும் பழியப் போடாதீங்க. அந்த ரெண்டு பேரும் தப்பா தீர்ப்பு சொன்னது ஒரு பங்கு. நகல் இல்லாததும் திருப்பிக் குடுக்காததும்தான் 45 வருஷத்தத் தின்னுது. அதே ரிப்போர்ட் வந்து கட்டுரை கையில திரும்பக் கிடைச்சிருந்தா அவர் ஃபிலசாஃபிகல் மேகசீனுக்கு அனுப்பிருப்பாரு, அங்க ரெஃப்ரியே கிடையாது, எடிட்டருக்குப் பட்டாப் போடுவாரு. தீர்ப்பு தப்பாப் போறது எந்த முறையிலயும் நடக்கும், அடுத்த கதவு இருக்கான்னுதான் பாக்கணும்.

எனக்கு அதவிட உறுத்துதது 1879 சம்பவம். ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வாயு பத்தி ஒரு கட்டுரை அனுப்புதாரு, ரெஃப்ரி தாம்சனும் மேக்ஸ்வெல்லும். மேக்ஸ்வெல்லுக்கும் அதே விஷயத்துல ஒரு கட்டுரை ஓடிக்கிட்டு இருக்கு. அவர் ரிப்போர்ட்டும் எழுதுனாரு, ரெனால்ட்ஸ் கட்டுரை அச்சாகுததுக்கு முன்னாடியே தன் கட்டுரையில அத எடுத்துப் பேசி, முறையில குறை சொல்லி, வெளியிட்டும் விட்டுட்டாரு. ரெனால்ட்ஸ் செக்ரட்டரி ஸ்டோக்ஸுக்கு முறையிட்டு எழுதுனாரு. மேக்ஸ்வெல் அந்த வருஷமே இறந்துட்டாரு, விஷயம் அப்படியே அமுங்கிட்டு. நேர்மையான மனுஷன்னு எல்லாரும் சொல்லுத மேக்ஸ்வெல்லுக்கே இதுல தப்பு தெரியலன்னா, அன்னைக்கு ரெஃப்ரிக்கு இது ஆகாதுன்னு ஒரு விதியே இல்லன்னுதானே அர்த்தம்.

பேட்டை பிசிக்ஸ்:

இத வச்சு ஒரு மணி நேரம் என்ன, ஒரு செமஸ்டரே ஓட்டலாம் போலிருக்கே. நம்ம நாட்டுப் பக்கம்? அப்புறம் என் சேக்காளி சொன்ன உலகப் போர் கணக்கு?

பாளை சார்வாள்:

நம்ம பக்கம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வருதது ராமானுஜன். இண்டியன் மேத்தமேட்டிகல் சொசைட்டி 1907ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச ராமசாமி அய்யர் டெபுடி கலெக்டர். அவங்க ஜர்னல்ல 1911ல ராமானுஜனோட முதல் கட்டுரை, பெர்னோலி எண்கள் பத்தி. எடிட்டர் நாராயண அய்யங்கார் பெங்களூர்ல இருந்தாரு, கையெழுத்துப் பிரதி அவருக்கும் ராமானுஜனுக்கும் நடுவுல மூணு தடவை போய்ட்டுப் போய்ட்டு வந்துது. கணக்கு தப்புன்னு இல்ல. நடு வரிகள எல்லாம் விட்டுட்டு ஒரே தாவா தாவிருப்பாரு, சாதாரணமா படிக்கவனுக்குப் புரியணுமே. ரெஃப்ரி இல்ல, கமிட்டி இல்ல, ஒரு எடிட்டர் உக்காந்து இத எப்படியாவது ஊருக்குப் புரியுத மாதிரி ஆக்கிடணும்னு மெனக்கெட்டிருக்காரு. பிதற்றல்னு எழுதி அலமாரியில வைக்கது எவ்வளவு சுலபம்!

ராமன் 1906ல, பிரசிடென்சி காலேஜ்ல படிக்கும்போதே, சாரல் சொன்ன அதே ஃபிலசாஃபிகல் மேகசீன்ல கட்டுரை போட்டுட்டாரு. அப்புறம் 1926ல கல்கத்தாவுல இண்டியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ அவரே ஆரம்பிச்சு, 1928 மார்ச்ல பெங்களூர்ல பேசுன "புதிய கதிர்வீச்சு" உரைய அதுலயே போட்டு, அடிச்ச பிரதிகள உலகம் பூரா தபால்ல அனுப்புனாரு. தன் பத்திரிகையில தன் கட்டுரை! இன்னைக்கு ஒருத்தர் அப்படிச் செஞ்சா புரமோஷன் கமிட்டியில மார்க் குடுப்பாவளா?

நூலக ஆச்சி:

நம்ம ஜில்லா பக்கத்துலயே ஒண்ணு இருக்குப்பா. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில இருந்துக்கிட்டு கொற்கையிலயும் காயல்லயும் தோண்டிப் பாத்தத 1877ல இண்டியன் ஆண்டிகுவரில எழுதுனாரு. அந்தப் பத்திரிகைய 1872ல பம்பாயில ஜேம்ஸ் பர்ஜஸ்னு ஒருத்தர் தொடங்கி எடிட் பண்ணுனாரு. தப்புன்னு பட்டா படிக்கவங்க அடுத்த இதழ்ல குறிப்பு எழுதி மறுப்பாங்க. கொற்கை இப்ப தூத்துக்குடி ஜில்லான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, அப்போ எல்லாம் திருநெவேலிதான்.

உலகப் போர் கணக்குக்கு வருதேன். உங்க சேக்காளி சொல்லுதது முக்காவாசி சரி. சங்கங்கள் நடத்துன பத்திரிகைகள்லதான் 19ஆம் நூற்றாண்டுலேருந்து ரெஃப்ரி இருந்தாங்க. மத்ததெல்லாம் எடிட்டர் கையில. ஐன்ஸ்டைன் 1905ல அனாலன் டெர் ஃபிசிக்ல போட்ட கட்டுரைகள வெளி ரெஃப்ரி யாரும் பாக்கல. அமெரிக்கா போன பிறகு 1936ல அவரும் ரோசனும் ஈர்ப்பு அலையே கிடையாதுன்னு எழுதி ஃபிசிகல் ரிவ்யூவுக்கு அனுப்ப, எடிட்டர் ஜான் டேட் அத ரெஃப்ரிக்கு அனுப்பிட்டாரு, 10 பக்கத்துக்கு குறை எழுதி வந்துது. ஐன்ஸ்டைனுக்கு ஒரே கோவம், அச்சடிக்கத்தான் அனுப்புனேன், அதுக்கு முன்னாடி எவர்கிட்டயும் காட்டச் சொல்லலயேன்னு திருப்பி வாங்கிட்டாரு. வேடிக்கை என்னன்னா ரெஃப்ரி சொன்னதுதான் சரி. அந்த ரெஃப்ரி பேரு ராபர்ட்சன், பக்கத்துலயே பிரின்ஸ்டன்ல இருந்தவர், ரெஃப்ரி நான்தான்னு காட்டிக்காம ஐன்ஸ்டைனோட உதவியாளர் இன்ஃபெல்டுக்கு தப்ப எடுத்துச் சொல்லிட்டாரு. மறுவருஷம் வேற ஜர்னல்ல முடிவ மாத்தி வந்துது.

நேச்சர் பத்திரிகை 1953ல வாட்சன், கிரிக் டிஎன்ஏ கட்டுரைய ரெஃப்ரிக்கு அனுப்பாமதான் போட்டாங்க. கட்டாயம் ரெஃப்ரிங்கது அங்க 1973ல. ஆக ஸ்லைடுல முதல் பியர் ரிவ்யூ ஜர்னல்ங்கத எடுத்துட்டு "அறிவியலுக்குன்னே வந்த முதல் ஜர்னல்"னு போடுங்க. அது நிக்கும், ஹெச்ஓடிக்கும் வருத்தம் வராது.

பேட்டை பிசிக்ஸ்:

போட்டுட்டேன் ஆச்சி. கடைசியா ஒண்ணு, பிள்ளைகள் கண்டிப்பா கேப்பாவ, அந்தக் காலத்து ரெஃப்ரிக்கு எழுதுனவர் பேரு தெரியுமா? அந்த ரிப்போர்ட் எல்லாம் இப்ப பாக்க முடியுமா?

தென்காசிச் சாரல்:

நல்லாத் தெரியும். அப்போ ராயல் சொசைட்டியில கட்டுரைய குடுக்கணும்னாலே நீங்க உறுப்பினரா இருக்கணும், இல்லன்னா ஒரு உறுப்பினர் கையால குடுக்கணும், வாட்டர்ஸ்டனுக்கே கேப்டன் பியூஃபோர்ட் பேர்லதான் போச்சு. எழுதுனவருக்குத்தான் ரெஃப்ரி பேரு சொல்ல மாட்டாவ, ஸ்டோக்ஸ் 1854லேருந்து 1885 வரை செக்ரட்டரியா இருந்து நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் கடுதாசி எழுதுவாரு, இந்தக் கருத்து இன்னாருதுன்னு சொல்லாம. ஆனா துறையில மொத்தமே பத்துப் பேருன்னா எழுத்தோட சூட்டுலயே கண்டுபிடிச்சிருவாவ. ரெண்டு பக்கமும் பேர மறைக்கதெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது.

ரிப்போர்ட்கள ராயல் சொசைட்டி ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுருக்காவ, காசு கிடையாது, கட்டுரை எழுதுனவர் பேர வச்சோ ரெஃப்ரி பேர வச்சோ தேடலாம். ஸ்டோக்ஸ் கையெழுத்துல மட்டும் ஆரம்பிக்காதீங்க, கண்ணு போயிரும்.